வேஷம் கட்டிப் படிக்கும் படிப்பு

(கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் சரித்திர ஆசிரியர் ஒருவர் பேசியதன் சாரம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், காலேஜ் வகுப்பில் மாணவர்களுக்கு வேஷம் கொடுத்துப் பாடம் நடத்தலாமா என்பதாகும். நோட்டீசில் இதைப் பார்த்த நண்பர் ஒருவர் நேற்று என்னிடம் வந்து, "ஏன் ஐயா, இனிமேல் காலேஜில் அரிதாரமும் டோப்பாவும் வாங்கி வைக்க வேண்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேஷம் என்றால் நமக்குக் கூத்தும் நாடகமுந்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நான் சொல்லப்போகிற வேஷத்துக்கு அரிதாரம் வேண்டாம், டோப்பா வேண்டாம், முக்கியமாக, மனப்பாடம் செய்த வசனம் வேண்டவே வேண்டாம். வசனம் வந்துவிட்டால் நான் சொல்லும் காரியம் அதோடு செத்துப்போய்விடும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன். சொல்லிக் கொடுத்தேன் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உள்ளபடி சொல்லப்போனால், முதல் இருபது வருஷம் நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன்; பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்; பரீட்சையில் அதை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள்; நான் மார்க்குப் போட்டேன். என் சரக்கு என்னிடமே பத்திரமாக வந்து சேர்ந்தது. நடுவில் அந்தப் பிள்ளைகளின் மூளைக்கு ஏதாவது வேலை இருந்ததா என்றால், தபால்காரர் தோளில் தொங்குகிற பைக்குக் கடிதத்தில் உள்ள சங்கதி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான்.

இன்று அதுவும் குறைந்துவிட்டது. அப்போது கையால் எழுதிக்கொண்டாவது போனார்கள். இப்போது நோட்சை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுகிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் அதை எழுதிக் கொடுக்க இயந்திரமே வந்துவிட்டது.

ஒப்பிப்பதில் உயர்வு தாழ்வு உண்டா?

அர்த்தந் தெரியாமல் சுலோகம் ஒப்பிக்கிறவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டுப் பட்டதாரிப் பிள்ளையைக் கூப்பிட்டு, "பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா?" என்று கேளுங்கள். "பூமிதான் சுற்றுகிறது" என்று பட்டென்று சொல்லுவார். "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்பார். தோழர்களே! சுலோகக்காரரும் இதைத்தானே சொல்லுகிறார்? அவருக்கும் புத்தகத்தில்தானே போட்டிருக்கிறது? ஒருவர் கையில் இருப்பது சரியான புத்தகம், மற்றவர் கையில் இருப்பது தப்பான புத்தகம் என்பதைத் தவிர இருவர் புத்திக்கும் என்ன வித்தியாசம்? புத்தகம் மாறிவிட்டால் நம் பட்டதாரியும் மாறிவிடுவார். இன்றைக்கு யாரோ செல்போனில் அனுப்பிவைக்கிற புளுகையெல்லாம் படித்தவர்களே நம்பி நாலு பேருக்கு அனுப்புகிறார்கள் என்றால், அவர்கள் படித்த விதத்தில் கோளாறு இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இந்தக் கோளாற்றுக்கு ஒரு பரிகாரமாகத்தான் இந்த வேஷம் கட்டும் முறையைச் சொல்ல வந்தேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பார்னார்டு காலேஜ் என்று பெண்கள் படிக்கும் காலேஜ் ஒன்று இருக்கிறது. அங்கே மார்க் கார்ன்ஸ் என்ற சரித்திர ஆசிரியர், பிள்ளைகள் வகுப்பில் சலிப்போடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, 1990-களின் பிற்பகுதியில் இந்த முறையை ஆரம்பித்தார். சரித்திரத்தில் ஒரு நெருக்கடியான சமயத்தை எடுத்துக்கொள்ளுவார்கள். ஒவ்வொரு மாணவிக்கும் அந்தக் காலத்து மனிதர் ஒருவரின் பாகம். அவர் எதை விரும்பினார், எதற்குப் பயந்தார், எதைச் சாதிக்க வேண்டும் என்று மட்டுந்தான் சீட்டில் இருக்கும். எப்படிப் பேசுவது என்பது இருக்காது. அந்தக் காலத்துப் புத்தகங்களைப் படித்து, அந்தக் காலத்து நியாயங்களைக் கொண்டே பேசி, கட்சி சேர்த்து, வோட்டு வாங்க வேண்டும். ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முடிவு சரித்திரத்தில் நடந்தபடியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இன்று அந்த முறை அமெரிக்காவில் பல காலேஜ்களில் நடக்கிறது. 2014-இல் கார்ன்ஸ் இதைப்பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அவர்கள் நடத்துகிறவற்றில் ஒன்று 1945-இல் சிம்லாவில் வேவல் பிரபு கூட்டிய மாநாட்டைப் பற்றியது. அந்த மாநாட்டுக்கு ஷெட்யூல்டு வகுப்பாரின் பிரதிநிதியாக அழைக்கப்பட்டவர் நம் சென்னை என். சிவராஜ். சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். நம் சரித்திர வகுப்பில் இருக்கிற பிள்ளைகளை அவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், எத்தனை பேர் சொல்லுவார்கள்? இங்கே உட்கார்ந்திருக்கிற ஆசிரியர்களையே கேட்கலாம், வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

என் வகுப்பில் கலிலியோ தோற்ற கதை

நான் முதன்முதலில் எடுத்துக்கொண்டது கலிலியோ வழக்கு. அறுபது பேர் உள்ள வகுப்பு. மூன்று வாரம் ஒதுக்கினேன். ரோம் நகரம், வருஷம் 1616. பன்னிரண்டு பேர் கலிலியோ கட்சி. பன்னிரண்டு பேர் எதிர்க் கட்சி. மிச்சம் முப்பத்தாறு பேர் எந்தக் கட்சியிலும் சேராத குருமார்களும் பண்டிதர்களும். இந்த முப்பத்தாறு பேரை யார் தன் பக்கம் இழுக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். யாருக்கு எந்தப் பாகம் என்பது சீட்டுக் குலுக்கலில் வந்தது.

எங்கள் காலேஜில் பகுத்தறிவு பேசுவதில் முதல் ஆளாக நிற்கிற மாணவர் ஒருவர். அவருக்குக் கார்டினல் பெல்லார்மின் வந்துவிட்டது. நெற்றியில் மூன்று பட்டையோடு வருகிற மாணவர் ஒருவருக்குக் கலிலியோ வந்தது. பட்டைக்காரர் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். நம் பகுத்தறிவுக்காரர் மட்டும் என் அறைக்கு வந்து, "சார், நான் போய்ப் பாதிரியாருக்காகப் பேசுவதா? எனக்குக் கலிலியோவைக் கொடுங்கள்" என்று மன்றாடினார். "கலிலியோவைத்தான் உமக்கு ஏற்கெனவே தெரியுமே! தெரியாததைப் போய்ப் படியும்" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் கோபத்தோடு போய்ப் படித்தார். கோபம் நல்ல வாத்தியார். பெல்லார்மின் முட்டாள் அல்ல என்று இரண்டு நாளில் கண்டுகொண்டார். பூமி சுற்றுகிறது என்பதற்கு உண்மையான ருசு இருந்தால் வேதப்புத்தக வாக்கியங்களுக்கு வேறு பொருள் சொல்லத்தான் வேண்டியிருக்கும், ஆனால் அந்த ருசுவைக் காட்டும்வரை நான் நம்ப மாட்டேன் என்ற கருத்தில் பெல்லார்மின் 1615-இல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நம்மாளுக்கு அந்தக் கடிதம் ஒன்று போதுமாயிருந்தது.

விவாத நாளன்று கலிலியோ எழுந்தார். தூரதிருஷ்டிக் கண்ணாடியில் வியாழனைச் சுற்றி நான்கு சந்திரர்களைக் கண்டேன், ஆகையால் எல்லாம் பூமியைத்தான் சுற்றுகின்றன என்பது பொய் என்றார். சபை தலையாட்டியது. சுக்கிரன் நம் சந்திரனைப் போலவே தேய்ந்து வளருவதைக் கண்டேன், ஆகையால் அது சூரியனைச் சுற்றுகிறது என்றார். அதற்கும் தலையாட்டல். உடனே பெல்லார்மின் எழுந்து, "சரி, சுக்கிரன் சூரியனைச் சுற்றட்டும். மற்றக் கிரகங்களும் சூரியனைச் சுற்றட்டும். அந்தச் சூரியன் தன் பரிவாரத்தோடு பூமியைச் சுற்றுகிறது என்று டைக்கோ பிராகி சொல்லியிருக்கிறாரே, அதற்கு விரோதமாக நீர் கண்டது என்ன?" என்று கேட்டார். கலிலியோவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏனென்றால் சுக்கிரன் தேய்வதும் வளர்வதும் டைக்கோ கணக்குக்கும் பொருந்தும். வியாழனின் சந்திரர்களாலும் அந்தக் கணக்குக் கெட்டுப்போவதில்லை.

அப்புறம் கலிலியோ கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கடலில் ஓதம் ஏறி இறங்குவது பூமியின் ஓட்டத்தாலும் சுழற்சியாலுந்தான் என்றார். இது நிஜக் கலிலியோ 1616-இல் எழுதிய வாதந்தான். அப்போது எதிர்க் கட்சியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கடலோரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். இரண்டு வருஷமாக என் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "நீங்கள் சொல்லுகிற கணக்குப்படி பார்த்தால் ஓதம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே ஏற வேண்டும்? எங்கள் ஊரில் இரண்டு தடவை ஏறுகிறதே! உங்கள் வெனிஸ் நகரத்தில் எப்படி?" என்று கேட்டார். வெனிசிலும் இரண்டு தடவைதான். கலிலியோவின் ஓத வாதம் தப்பு. அவர் காலத்தவரே அந்த இடத்தில்தான் அவரை மடக்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை; கட்டுமரம் தள்ளும் நேரத்திலிருந்து வந்தது.

பெல்லார்மின் அதோடு விடவில்லை. மூக்குக்கு நேரே விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார், அந்தக் கண்ணைத் திறந்து மறு கண்ணை மூடிப் பார், விரல் இடம் மாறித் தெரிகிறதல்லவா? பூமி சூரியனைச் சுற்றுவதானால் ஆறு மாதத்துக்கொரு தடவை நாம் வானத்தின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நின்று பார்க்கிறோமே, நட்சத்திரம் ஏன் இடம் மாறித் தெரியவில்லை என்றார். வகுப்பு முழுதும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. வோட்டெடுத்தோம். முப்பத்தாறு பேரில் பெரும்பாலோர் கார்டினல் பக்கம்! என் வகுப்பில் கலிலியோ தோற்றுப்போனார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சக ஆசிரியர் ஒருவர், "நீரே பிள்ளைகளைப் பாதிரியார் பக்கம் தள்ளிவிட்டீரே!" என்று கேலி செய்தார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான். ஆனால் மறுநாள் லைப்ரரியில் என் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தார்கள். பரீட்சைக் காலமல்லாத காலத்தில் லைப்ரரியன் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. கலிலியோவிடம் இல்லாத ருசு பின்னால் யாரிடம் கிடைத்தது என்று தேடினார்கள். தேடினவர்களுக்கு முன்னாலிருந்தவர் யார் என்றால், ஜெயித்த பெல்லார்மினேதான்! தான் ஜெயித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பூமி ஓடுவதால் நட்சத்திர வெளிச்சம் சாய்ந்து வருகிறதென்று 1729-இல் பிராட்லி வெளியிட்டதையும், நட்சத்திரம் இடம் மாறித் தெரிவதை 1838-இல் பெசல் அளந்து காட்டியதையும், பூமி தன்னைத்தான் சுற்றுவதை 1851-இல் பாரிசில் ஃபூக்கோ ஓர் ஊசற்குண்டைத் தொங்கவிட்டே காட்டியதையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் 1616-இல் இருந்த எந்தக் கண்ணாடிக்கும் அந்த அசைவு எட்டியிருக்காது என்றும் கண்டார்கள். இந்த மூன்று பெயர்களையும் நான் நோட்சாகக் கொடுத்திருந்தால் மூன்று மார்க்குக் கேள்விக்கு ஆகியிருக்கும்.

மூன்றாம் வாரத்தில் 1633-ஆம் வருஷத்து விசாரணை. அதில் ருசுவைப் பற்றிய பேச்சே இல்லை. நீ ஏன் எழுதினாய், உத்தரவை மீறினாயா என்பதுதான் விசாரணை. ருசு கேட்டது தப்பல்ல. கேட்டவர்களே வாயை மூடச் சொன்னதும், புத்தகத்தைத் தடுத்ததும், 69 வயதுக் கிழவரை மண்டியிடச் செய்ததுந்தான் அக்கிரமம் என்ற பேதம், 1616-இல் கார்டினலுக்கு வோட்டுப் போட்ட பிள்ளைகளுக்கு விளங்கிய மாதிரி வேறு யாருக்கும் விளங்கியிருக்காது. விசாரணைச் சபையில் பத்துக் கார்டினல்கள் இருந்தும் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர்தான். போடாத மூவரில் ஒருவர் பிரான்சிஸ்கோ பார்பரினி, போப்பின் சொந்தச் சகோதரர் மகன். "அந்த மூன்று பேராக இருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?" என்பதுதான் அந்த வாரம் முழுதும் சாப்பாட்டுக் கடையில்கூடப் பேச்சு. கலிலியோ 1642-இல் சாகும்வரை வீட்டுக் காவலிலேயே இருந்தார். அவர் புத்தகம் தடுக்கப்பட்ட புத்தகப் பட்டியலிலிருந்து நீங்கியது 1835-இல். சபை செய்தது தவறு என்று போப் ஒப்புக்கொண்டது 1992-இல்.

எதிரியின் வசனத்தை எழுதுவது யார்?

"இதில் புதுமை என்ன? நம் பெரியவர்கள் செய்யாததா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சித்தியாரில் பரபக்கம் என்று எதிரிகளின் மதத்தையெல்லாம் முதலில் சொல்லி, அப்புறந்தான் சுபக்கம் சொல்லியிருக்கிறது. மணிமேகலை வஞ்சி மாநகரத்தில் மாதவர் வேஷம் பூண்டு, பல சமயக்காரர்களிடமும் போய் அவரவர் கட்சியைக் கேட்டதாகச் சாத்தனார் பாடியிருக்கிறார். அழகான ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலெல்லாம் எதிரி பேசுகிற வசனத்தை எழுதினவர் யார்? எதிரியை ஜெயிக்கப் போகிறவரேதான்! எழுதுகிறவர் கையில் பேனா இருக்கும்போது எந்த எதிரிதான் ஜெயிப்பான்? கலிலியோவும் இதில் பரிசுத்தர் அல்ல. 1632-இல் வெளிவந்த அவருடைய புத்தகமே மூன்று பேர் பேசிக்கொள்ளுகிற மாதிரி, லத்தீனில் அல்லாமல் ஊர் ஜனங்களின் பாஷையில் எழுதப்பட்டது. அதில் பழைய கட்சி பேசுகிறவருக்குச் சிம்ப்ளிசியோ என்று பெயர் வைத்து, போப்புக்குப் பிரியமான வாதத்தை அவர் வாயில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வகுப்பில் நடக்கும் வேஷத்தில் எதிரிக்குச் சொந்த மூளை இருக்கிறது. அவன் திருப்பிக் கேட்பான். நாம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து கேட்பான். அதுதான் இதில் உள்ள புதுமை. இதன் அருமை கத்தோலிக்க சபைக்கே தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்னால் "கொடுக்காதே" என்று வாதாடுவதற்கென்றே ஓர் உத்தியோகஸ்தரை 1587 முதல் வைத்திருந்தார்கள். ஊரார் அவரைச் சாத்தானின் வக்கீல் என்றார்கள். 1983-இல் அந்த உத்தியோகத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

வக்கீலுக்குப் படிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மாதிரிக் கோர்ட்டு இல்லாத சட்டப் படிப்பு கிடையாது. டாக்டருக்குப் படிப்பவர்களுக்கும் வந்துவிட்டது. 1963-இல் அமெரிக்காவில் ஹோவார்டு பாரோஸ் என்ற டாக்டர், நோயில்லாத ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து, மாணவர்கள் எப்படி விசாரிக்கிறார்கள் என்று பரீட்சித்தார். நம் தேசத்திலும் 2019 முதல் வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசுவதை வேஷம் கட்டிப் பழகும் ஏற்பாடு இருக்கிறது. செத்துப்போனவர் வீட்டாரிடம் சாவைச் சொல்லுவது எப்படி என்பதை உயிரோடிருப்பவரிடம் ஒரு தடவையாவது சொல்லிப் பழக வேண்டாமா? ஆனால் சரித்திரம், பொருளாதாரம், விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லையாம்!

"சிலபஸ் முடியாதே!"

ஆசிரியத் தோழர்கள் சொல்லும் முதல் ஆட்சேபம் இது. ஐந்து யூனிட்டையும் முடிக்க வேண்டுமே, மூன்று வாரத்துக்கு எங்கே போவது என்கிறார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: நீங்கள் முடித்தீர்கள், சரி, பிள்ளைகள் முடித்தார்களா? விஞ்ஞானம், கணக்கு, இஞ்சினியரிங் வகுப்புகளைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வெறும் பிரசங்கம் கேட்கும் வகுப்பில் நூற்றுக்கு 34 பேர் தவறினார்கள்; பிள்ளைகளே வேலை செய்து படிக்கும் வகுப்பில் நூற்றுக்கு 22 பேர்தான். அது பலவித முறைகளுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. வேஷத்துக்கு மட்டும் போட்டதல்ல. ஆகவே இதை வைத்துக்கொண்டு நான் துள்ளிக் குதிக்கப் போவதில்லை. ஆனால் வாத்தியார் பேசிக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறிவிடும் என்பதற்கும் அது ருசுவல்ல.

பாஷை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று வைத்தீர்களானால் கான்வெண்டில் படித்துவிட்டு வந்த நாலு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். என் வகுப்பில் எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள். மார்க்கும் ஜெயித்ததற்குக் கொடுக்காதீர்கள். எடுத்துக்காட்டிய ஆதாரத்துக்குக் கொடுங்கள். பாகம் இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாக ஆகிவிடக்கூடாது. ஒவ்வொருவரும் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தால்தான் வோட்டு என்று வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தன் பெயரில் தன் அபிப்பிராயத்தைச் சொல்ல ஒரு நாள் முழுதாக ஒதுக்க வேண்டும். அந்த நாளை மிச்சம் பிடிக்கிறவர் இந்த முறையைத் தொடாமலிருப்பதே மேல்.

நான் செய்த தப்பு

இந்த முறையில் ஆபத்தும் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் அல்ல.

1971-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் கட்டடமொன்றின் அடித்தளத்தில் சிறைச்சாலை மாதிரி ஏற்பாடு செய்து, 24 மாணவர்களைத் தெரிந்தெடுத்து, காவலர், கைதி என்று பிரித்தார்கள். இரண்டு வாரம் நடப்பதாக ஏற்பாடு. கைதிகள் படுகிற பாட்டைச் சகிக்க முடியாமல் ஆறு நாளில் நிறுத்தினார்கள். மனிதனுக்கு அதிகாரம் கொடுத்தால் தானாகவே கொடியவனாகிவிடுவான் என்று அதைப்பற்றி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானாக ஆகவில்லை, கடுமையாக இருக்கும்படி காவலர்களுக்குத் தூண்டுதல் இருந்தது என்று பிற்காலத்தில் ஒலிப்பதிவுகளிலிருந்து வெளிப்பட்டது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் ஜிம்பார்டோ தாமே சிறை அதிகாரியாகவும் வேஷம் கட்டிக்கொண்டார். நிறுத்து என்று சொல்ல வேண்டியவரே ஆட்டத்துக்குள் போய்விட்டார்.

அதையெல்லாம் படித்தவன்தான் நான். படித்திருந்தும் தப்புச் செய்தேன். 1927 மார்ச் 20-இல் டாக்டர் அம்பேத்கார் மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்த சம்பவத்தை வகுப்பில் வேஷமாக நடத்தினேன். குளக்கரையையே காட்சியாக வைத்தேன். வைதீகர்களின் பாகத்தில் இருந்த சிலர் அந்தக் காலத்து ஆத்திரத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசினார்கள். பேசும்போது ஒருவர் இருவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அது வேஷத்தின் சிரிப்பல்ல. எந்த ஜாதியைச் சொல்லித் திட்டினார்களோ அந்த ஜாதியில் பிறந்த மாணவர் ஒருவர் மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்து, ஒன்றும் சொல்லாமல், பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் பாடம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். எந்தப் பாடம்? அந்தப் பிள்ளை தினம் தெருவில் கேட்கிற பாடத்தை, பீஸ் கட்டி, வருகைப் பதிவோடு, என் வகுப்பிலும் கேட்க வைத்தேன்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "இதைப் பற்றிப் பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை சார். நாங்கள் அடிபட்டதை நடித்துத்தான் மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமா?" என்றார் அவர்.

அடுத்த வருஷம் குளக்கரையை விட்டுவிட்டேன். காகிதங்களை எடுத்தேன். பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறக்க வேண்டுமென்று பம்பாய்ச் சட்டசபையில் 1923-இல் போலே கொண்டு வந்த தீர்மானம்; 1924-இல் மகாத் முனிசிபாலிடி குளத்தைத் திறந்துவிட்டதாகப் போட்ட தீர்மானம்; 1927 மார்ச்சில் தண்ணீர் குடித்ததும் 108 குடம் பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்தைச் "சுத்தம்" செய்த புத்தி; அதே வருஷம் ஆகஸ்டு 4-இல் முனிசிபாலிடி தன் தீர்மானத்தைத் தானே ரத்துச் செய்தது; டிசம்பரில் தொடுத்த வழக்கு; 1937-இல் பம்பாய் ஹைகோர்ட் சொன்ன தீர்ப்பு. என் வகுப்பு இந்தத் தடவை முனிசிபாலிடிக் கூட்டமாகவும் கோர்ட்டாகவும் ஆயிற்று. வைதீகர் பாகம் இருந்தது. ஆனால் வசவு கூடாது, பத்திரம் காட்டிப் பேச வேண்டும் என்று விதித்தேன். வழக்கம் என்றால் எத்தனை காலத்து வழக்கம், ருசு எங்கே என்று ஹைகோர்ட்டு வக்கீலாக வந்த பெண் துளைத்தெடுத்தார். நிஜ வழக்கிலும் வைதீகர்கள் தோற்றது அந்த இடத்தில்தான். அனாதிகாலத்து வழக்கம் என்றவர்களால் அதை ருசுப்படுத்த முடியவில்லை.

முந்திய வருஷம் வெளியே போன மாணவர் அப்போது கடைசி வருஷத்தில் இருந்தார். வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வருகிறேன், ஆனால் வேஷம் எதுவும் கட்ட மாட்டேன், குமாஸ்தாவாக உட்கார்ந்து யார் எந்த ஆதாரத்தைக் காட்டினார்கள் என்று எழுதிக்கொள்ளுகிறேன் என்றார். மூன்று வாரமும் வந்து எழுதினார். அதில் நான்கு இடங்களில், ஆதாரம் இல்லாமலே பேச விட்டீர்கள் என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். அந்த நோட்டை இங்கே கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்கள் மேஜைக்கு வந்து பார்க்கலாம்.